மாடியறையில் எண்பது வருடம்

ஏப்ரல் 1, 2022, வெள்ளி

அம்மா இன்றைக்கும் என் போனைப் பிடுங்கிக்கொண்டாள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஏழு நிமிடம் தாமதமாக வந்தேன், அதற்காக. ஏழு நிமிடத்தில் ஒரு பெண் கெட்டுப்போக முடியுமா என்று கேட்டேன். "முடியும்" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. அதோடு பேச்சு முடிந்தது.

என் பெயர் லோகேஸ்வரி. வயது பதினேழு. சிந்தாதிரிப்பேட்டையில் இரண்டு அறை வீடு. அப்பா மஸ்கட்டில். அம்மா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பில் உட்காருகிறாள். மே ஐந்தாம் தேதி எனக்கு ப்ளஸ் டூ பரீட்சை. இதெல்லாம் தெருவுக்கே தெரியும். தெரியாததை எழுதத்தான் போன வருட இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தை எடுத்திருக்கிறேன். எங்கேயும் எழுதக் கூடாது என்று சுதாகர் சார் சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் யார் எதைச் செய்யாதே என்றாலும் அதைச் செய்யத்தான் கை வருகிறது.

எங்கள் தெருக்கோடியில் விவேக வாசகசாலை இருக்கிறது. பள்ளிப் பெண்களுக்கு அங்கே சந்தா கிடையாது. அம்மா என்னைத் தைரியமாக அனுப்புகிற ஒரே இடம் அதுதான். "சுதாகர் இருக்காரு, பயமில்ல" என்பாள். என் சித்தி ஓடிப்போனபோது ஊரெல்லாம் தேடி அலைந்தவர் அவர்தானாம். சித்தியின் பெயர் ரேணுகா. எங்கள் வீட்டில் அது பெயரில்லை, வசவு. ப்ளஸ் டூ பரீட்சை எழுதிய மறுவாரம் கடிதம் எழுதி வைத்துவிட்டு எவனோடோ போய்விட்டாள். நான் கண்ணாடி முன்னால் இரண்டு நிமிடம் நின்றால் "ரேணுகா" என்று கூப்பிடுவாள் அம்மா.

ஜனவரியில் ஒரு நாள் வாசகசாலையின் மாடியறையில் ஜன்னலோரம் பதித்திருக்கிற கருங்கல் பலகையின் மேல் நின்றேன். மூக்கில் ஈரச் சுண்ணாம்பு வாசனை ஏறியது. தலை சுற்றி விழுந்து கண்ணைத் திறந்தால் அதே அறை, ஆனால் 1942. சரியாக எண்பது வருடம் முன்னால், அதே தேதி, அதே நேரம். மூன்று மணி நேரம் அங்கே இருக்கலாம். அது முடியும்போது அந்தக் கல்லின் மேல் நின்றால் திரும்ப இழுத்துக்கொண்டு வந்துவிடும். நிற்கத் தவறினால் அங்கேயேதான். அதற்குப் பிறகு எத்தனை முறை நின்றாலும் கல் நம்மைக் கண்டுகொள்ளாது. சில குடும்பத்துப் பெண்களுக்கு மட்டும்தான் இது நடக்கும் என்று சுதாகர் சார் சொன்னார். அன்று அவரே தன் கையால் எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்தார். சந்தோஷத்தில் என்று இப்போது தெரிகிறது.

வெளியே வாசகசாலை, உள்ளே நாழிகைச் சபை. ஏழு பேர், சுதாகர் சார் செயலாளர். 1942இலும் அதே வீட்டில் அதே சபை இருக்கிறது. அங்கே தலைவர் ஆதிமூலம் என்பவர். நான் நடுவில் தபால்காரி. அரக்கு வைத்த உறையை இங்கிருந்து கொண்டுபோய் அவரிடம் கொடுக்க வேண்டும், அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். சரித்திர ஆராய்ச்சியாம்.

நான் அதற்காகப் போகவில்லை. நான் போய்வருகிற மூன்று மணி நேரமும் கல்லுக்குப் பக்கத்தில் காவல் இருப்பவன் நிரஞ்சன். சுதாகர் சாரின் அண்ணன் மகன், கல்லூரியில் முதல் வருடம். கண்ணைத் திறந்ததும் முதலில் தெரிகிற முகம் அவனுடையது. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஏப்ரல் 2, சனி

ரெண்டு மணிக்குப் போனேன். சபையின் பெட்டியில் இருக்கிற தாவணியைக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஆதிமூலம் வழக்கம்போல மூக்குப்பொடி வாசனையோடு எதிரில் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டார். சண்டை எப்போது முடியும், வெள்ளைக்காரன் எப்போது போவான், எந்தத் தொழில் மேலே வரும். தெரிந்ததைச் சொன்னேன். கதவோரம் தாண்டவன் என்கிற தடியன் நின்றுகொண்டே இருந்தான். தண்ணீர் கொண்டுவந்த அம்மாள் தம்ளரை வைத்துவிட்டு என் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள்.

ஜன்னல் வழியாக ஒரு பூனைக்குட்டி உள்ளே வந்திருந்தது. நேரம் முடியும்போது அதை மடியில் இறுக்கி வைத்திருந்தேன், மறந்துவிட்டேன். கண்ணைத் திறந்தால் பூனைக்குட்டியும் 2022இல். நிரஞ்சன் வெளிறிப்போனான். சித்தப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று அவனே சொல்லி, புத்தகப் பையில் போட்டுக் கொடுத்தான். அதற்காகவே அவனை எனக்கு இன்னும் பிடித்தது. அம்மாவிடம் தெருவில் கிடந்தது என்றேன். பாலுக்கு யார் போவது என்று கத்தினாள். பிறகு அவளே கொட்டாங்கச்சியில் ஊற்றி வைத்தாள்.

ஏப்ரல் 3, ஞாயிறு

கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. அதுவும் என் தப்பாம்.

ஏப்ரல் 4, திங்கள்

போன் இன்னும் அம்மாவிடம்தான். நிரஞ்சனிடம் புலம்பினேன். போன் எதற்கு, கையால் ஒரு கடிதம் எழுதிக் கொடு என்றான். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரித்தேன். அதனால்தான் கேட்கிறேன் என்றான். தேதி போடாதே, என் பெயரையும் போடாதே, எந்த நாளில் எடுத்துப் படித்தாலும் அன்றைக்கு எழுதியதாக எனக்குத் தோன்ற வேண்டும் என்றான். வேதியியல் வகுப்பில் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். என் வாழ்க்கையில் யாரும் என்னிடமிருந்து மூன்று பக்கம் கேட்டதில்லை.

ஏப்ரல் 7, வியாழன்

அந்தப் பக்கத்தில் பட்டணமே நடுங்கிக்கொண்டிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டானாம். காலையில் பட்டணத்திலும் அபாயச் சங்கு ஊதியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாய், அண்டா, ஆட்டுக்கல், எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஜனங்கள் எழும்பூர்ப் பக்கம் போகிறார்கள்.

ஆதிமூலம் உறையைப் பிரிக்கக்கூட இல்லை. "சென்னப்பட்டணத்து மேல குண்டு விழுமா, விழாதா? அதை மட்டும் சொல்லும்மா" என்றார். தெரியாது என்றேன். நான் பயாலஜி குரூப். அவர் நம்பவில்லை. உள்ளே இருக்கிறவள் பன்னிரண்டாம் தேதி விழும் என்கிறாளே, நீ தெரியாது என்கிறாயே என்று மேசையைத் தட்டினார். ஒரு கிழவர் என் முகத்துக்கு நேரே மேசையைத் தட்டுகிறார், இந்தப் பக்கத்தில் ஒருவர்கூட அதைக் கேட்கப்போவதில்லை. எழுந்து வந்துவிடலாம் என்றால் கல் விடவில்லை, இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது.

அவர் கீழே போன சமயம் அந்தத் தண்ணீர் அம்மாள் வந்தாள். முப்பத்தேழு முப்பத்தெட்டு வயது இருக்கும். நரை விழுந்த முடியை அள்ளி முடிந்திருந்தாள். தம்ளரை நீட்டியபடி, உதடு அசையாமல் கேட்டாள்.

"ப்ளஸ் டூவா?"

தலையாட்டினேன்.

"எந்த குரூப்பு?"

பதில் சொல்வதற்குள் படியில் தாண்டவனின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து சோறு பிசைந்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. 1942இல் ப்ளஸ் டூ ஏது?

ஏப்ரல் 8, வெள்ளி

அந்தப் பக்கத்து அம்மாள் யார் என்று நிரஞ்சனிடம் கேட்டேன். பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். அங்கே நடப்பது எதுவும் தனக்குத் தெரியாது என்றான். பிறகு பேச்சை மாற்றி, அம்மாவோடு இன்றைக்கு என்ன சண்டை என்று கேட்டான். நிறைய சண்டை. பூனை என் மெத்தையில் மூத்திரம் போனதிலிருந்து ஆரம்பித்து, என்னைப் பெற்றதே தப்பு என்பதில் போய் முடிந்தது. அந்தக் கோபத்தை அப்படியே எழுதிக் கொடு, அம்மாவிடம் சொல்ல முடியாததையெல்லாம் என்னிடம் சொல் என்றான்.

எழுதினேன். "இந்த வீட்டில் இனி என்னால் இருக்க முடியாது. நீ கூப்பிட்டால் எங்கே வேண்டுமானாலும் வருகிறேன். யாரும் என்னைத் தேட வேண்டாம்." எழுதியதும் மனசு லேசானது. அவன் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். அவன் முகம் மட்டும் நன்றாக இல்லை.

ஏப்ரல் 9, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ரெண்டு மணிக்குப் போனேன். அங்கே வீடு முழுக்க மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆதிமூலம் உறையை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு வண்டிக்காரனோடு பேரம் பேசத் தெருவுக்குப் போனார், தாண்டவனும் கூடப் போனான். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கிணற்றடியில் நின்றோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. பேசவேண்டியதைப் பல வருடமாக மனப்பாடம் செய்து வைத்தவள்போல ஒரே மூச்சில் சொன்னாள்.

"என் பேரு ரேணுகா. இதே தெருதான். எங்க அக்கா சாந்தகுமாரி. ரெண்டாயிரத்து ரெண்டுல வந்தேன், என்னைத் திரும்ப விடல. நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

நான் சாந்தகுமாரியின் மகள் என்றேன். அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டாள். அழவில்லை. அழ நேரமில்லை என்று அவளே சொன்னாள்.

எவனோடும் ஓடவில்லை. இருபது வருடம் இந்த வீட்டில் இருந்திருக்கிறாள். 1922இல் மூன்றாவது மணி முடிகிற நேரம் தாண்டவன் மாடியறையைப் பூட்டிவிட்டான். வெளியே நின்று கதவில் தலையை முட்டி முட்டிக் கத்தியிருக்கிறாள். சபைக்குத் தேவை தபால்காரி இல்லை. வரப்போவதைச் சொல்ல வீட்டோடு ஒருத்தி. சித்தி ஹிஸ்டரி குரூப். பாடப்புத்தகத்தில் படித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து இத்தனை வருடம் உயிரோடு இருந்திருக்கிறாள். இப்போது அவள் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அவர்களுக்குச் சந்தேகம். அதனால் புதிதாக ஒருத்தி வேண்டும் என்று சபைப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், எண்பது வருடம் கழித்து இங்கே இருக்கிறவர்கள் படிக்க. இந்தப் பக்கத்தில் இருக்கிற சபை ஒரு பெண்ணைப் பார்த்து, பழக்கி, அனுப்புகிறது. நான் கொண்டுபோன உறைகளில் என்னைப் பற்றித்தான் எழுதியிருந்தது. நானே என் கையால் கொடுத்தேன்.

"உன்கிட்ட லெட்டர் எழுதிக் கேட்டானா?" என்றாள் சித்தி.

கேட்டான் என்றேன்.

"தேதி போடாம?"

தலையாட்டினேன்.

"எங்கிட்ட கேட்டவன் பேரு சுதாகர்" என்றாள்.

கடிதத்தைப் பார்த்ததும் வீட்டில் தேடுவதை நிறுத்திவிடுவார்களாம். பெண் ஓடிப்போனாள் என்றால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள், அதை வைத்துத்தான் இந்தச் சபையே நடக்கிறது என்றாள். என் அம்மா கேட்கவில்லை. என் தாத்தா கேட்கவில்லை. ஏழு நிமிடத்தில் கெட்டுப்போக முடியும் என்று நம்புகிறவள் என் அம்மா. நாளைக்கு என் கடிதத்தையும் நம்புவாள்.

பன்னிரண்டாம் தேதி குண்டு விழும் என்று சித்தி சொன்னது பொய். பட்டணம் பயந்து காலியாகும், ஆனால் அந்த மாதம் குண்டு விழாது என்று படித்தது அவளுக்கு நினைவிருந்தது. வீடு கலைகிற ஒரு நாளுக்காக அந்த ஒரு வரியை இருபது வருடம் பொத்தி வைத்திருந்தாளாம். எல்லோரும் பதினொன்றாம் தேதி ரயிலேறுகிறார்கள், இந்தப் பக்கத்தில் அது திங்கட்கிழமை. அன்றைக்கு என்னை வரவழைத்து, எங்கள் இரண்டு பேரையும் சேலம் பக்கம் கொண்டுபோவதாக ஏற்பாடு.

நீ பதினொன்றாம் தேதி வராதே, அவ்வளவுதான் சொல்ல வந்தேன் என்றாள். கல்லுக்கு என்னை இனித் தெரியாது, நீயாவது தப்பித்துக்கொள் என்றாள். நான் பூனைக்குட்டியைப் பற்றிச் சொன்னேன். இறுக்கிப் பிடித்திருந்தது கூடவே வந்தது என்றேன். அவள் என் இடுப்பைச் சுற்றிக் கையைக் கோத்து இறுக்கிப் பார்த்தாள்.

நாளைக்கு ஞாயிறு. வாசகசாலைக்கு விடுமுறை. நாளைக்கு ரெண்டு மணிக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கண்ணைத் திறந்தபோது வழக்கம்போல நிரஞ்சன் முகம். அவன் மூக்கை உடைக்க வேண்டும்போல இருந்தது. சிரித்தேன். நாளைக்கு யாரும் இல்லாதபோது மாடியறையில் உட்கார்ந்து உனக்கு ஒரு நீளமான கடிதம் எழுத வேண்டும், சாவி கொடு என்றேன். இவ்வளவு இனிமையாக எனக்குப் பேச வரும் என்று எனக்கே தெரியாது. கொடுத்துவிட்டான்.

ஏப்ரல் 10, ஞாயிறு

அம்மாவிடம் ரிவிஷன் என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். ரசம் சாதம் சாப்பிட்டேன். திரும்பி வராவிட்டால் கடைசியாகப் போட்டது ரசம் சாதம் என்று இருபது வருடம் அழுவாள் என்று நினைத்தேன். அழுதால் அழட்டும் என்றும் நினைத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சித்தி அறையில் இருந்தாள். தாண்டவன் ரயில் சீட்டுக்காக எழும்பூர் போயிருந்தான், ஆதிமூலம் கீழே தூங்கிக்கொண்டிருந்தார். கதவை உள்ளே தாழிட்டு, மரப்பெட்டியை இழுத்துக் கதவோடு சேர்த்து வைத்தோம். அப்புறம் கல்லின் மேல் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். அவளுக்குத் தன் அம்மாவைப் பற்றித் தெரிய வேண்டியிருந்தது. 2011இல் இறந்துவிட்டதைச் சொன்னேன். தன்னைப் பற்றிக் கடைசியில் என்ன சொன்னாள் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். தெரியும். சொல்லவில்லை.

நாலே முக்காலுக்கு வெளியே நடை சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினார்கள். பிறகு ஆதிமூலத்தின் குரல்.

"ரேணுகா, உனக்கு இந்த வீட்ல என்ன குறை வெச்சோம்?"

சித்தி எழுந்து கதவருகில் போனாள். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"பட்டணத்துல குண்டு விழாதுங்க. நான் சொன்னது பொய். எல்லாத்தையும் கட்டி அனுப்பிட்டீங்களே, அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு நின்னேன்."

எழும்பூரிலிருந்து திரும்பியிருந்த தாண்டவன் தோளால் இடிக்க ஆரம்பித்தான். தாழ்ப்பாள் ஒரு பக்கம் பெயர்ந்தது. பெட்டி நகர்ந்தது. சித்தி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள், என் விலா நொறுங்கும்படி. சுண்ணாம்பு வாசனை வந்தது. தாண்டவனின் கை சித்தியின் முந்தானையைப் பிடித்ததைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவள் எடை என் மேல் இருந்தது. முந்தானையில் பாதி இல்லை.

அறையில் நிரஞ்சன் நின்றான், பக்கத்தில் சுதாகர். மூன்று மணிக்கு மாடிக்கு வந்து என்னைக் காணாமல் நிரஞ்சன்தான் அவருக்குப் போன் செய்திருக்கிறான். நீ திரும்பி வரமாட்டாயோ என்று பயந்துவிட்டேன் என்றான். அப்படியானால் திரும்பி வராமல் போகலாம் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது என்றேன். கடிதம் எதற்கு என்று சித்தப்பா சொல்லவில்லை என்றான். நீ கேட்கவில்லை என்றேன்.

சித்தி அவனைப் பார்க்கவே இல்லை. சுதாகரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"சுதாகர், தலை நரைச்சிருச்சே."

அவர் கதவை மறித்துக்கொண்டுதான் நின்றார். அதைக் கேட்டதும் சுவரோடு ஒதுங்கினார். நாங்கள் இறங்கி வந்தோம். தெருவில் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் சீறிக்கொண்டு போனான், சித்தி என் கையை விடவில்லை.

அம்மா கதவைத் திறந்தாள். சித்தியின் முகத்தில் எதையோ தேடினாள். கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வந்த?" என்றாள் அம்மா. "அவன் எங்க?"

எவன் என்று சித்தி கேட்டாள். அம்மா உள்ளே போய் பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்து அவள் மேல் எறிந்தாள். இதனால் நம் அப்பா படுத்த படுக்கையானார், இதனால் நான் நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டேன், இதனால் முதலில் கேட்டு வந்தவனுக்குக் கழுத்தை நீட்டினேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் பிறந்ததிலிருந்து அவள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. சித்தி தரையிலிருந்து அதை எடுத்துப் படித்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இது மூணாவது பக்கம்க்கா" என்றாள். "முதல் ரெண்டு பக்கத்துல உன்னைப் பத்தி எழுதியிருந்தேன். உன்னை விட்டுட்டு எங்கயும் வரமாட்டேன்னு எழுதியிருந்தேன்."

இதை அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தவர் சுதாகர். புத்தகத்துக்குள் இருந்ததாகச் சொன்னாராம்.

அம்மா நம்பவில்லை. அவள் முகத்தில் தெரிந்தது. அப்போது நான் சொன்னேன், என்னிடமும் எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்று. இரண்டு கடிதம், தேதி இல்லாமல், அதே வாசகசாலையில். என்ன எழுதினேன் என்பதையும் வரிவரியாகச் சொன்னேன். அறைவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானேதானே உன்னை அங்க அனுப்பினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சித்தி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவரும் தொட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 13, புதன்

சித்தி எங்கே இருந்தாள் என்று அம்மா கேட்டாள். அந்த வாசகசாலைக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தார்கள் என்றாள் சித்தி. எந்த வருடம் என்று அம்மா கேட்கவில்லை, சித்தியும் சொல்லவில்லை. சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஏப்ரல் 17, ஞாயிறு

சுதாகர் வீட்டுக்கு வந்தார். பழத்தட்டோடு. பழைய விஷயங்களைக் கிளறுவதால் பெண்பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தான் கெட்ட பெயர் என்று நயமாகச் சொன்னார், என்னைக் காட்டி. என் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன என்றார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு தட்டைத் தெருவில் வைத்தாள். தெருவே பார்க்கும்படி நின்று, "தைரியமா படிச்சுக் காட்டு, நானும் வந்து கேக்கறேன்" என்றாள். ஆப்பிள் ஒன்று உருண்டு சாக்கடைப் பக்கம் போனது.

அம்மா மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இருபது வருடத்தில் ஒரு தடவையாவது கடிதத்தைத் திருப்பிப் பார்த்திருக்கலாம். அதை அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள்.

ஏப்ரல் 23, சனி

சித்தியால் வெளியே தாழ்ப்பாள் இருக்கிற அறையில் இருக்க முடியவில்லை. அம்மா ஸ்க்ரூடிரைவர் எடுத்து வீட்டில் இருந்த எல்லா வெளித்தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டாள். கக்கூஸ் கதவையும் சேர்த்து.

ஏப்ரல் 26, செவ்வாய்

இயற்பியல் செய்முறைத் தேர்வு முடிந்தது. வாசலில் நிரஞ்சன் நின்றான். என் கடிதங்களைச் சித்தப்பாவின் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தான். கூடவே பழைய தாள் இரண்டு. சித்தியின் முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும். எதற்கோ அவற்றை எறியாமல் வைத்திருக்கிறார் அந்த ஆள். போலீசிலும் வந்து சொல்கிறேன் என்றான். உன்மேல் எனக்கு இருந்தது நடிப்பு இல்லை என்றான்.

இருக்கலாம். நடிப்பு இல்லை என்றால் இன்னும் மோசம். பிடித்த பெண்ணையே கூட்டிக்கொண்டு போய்க் கல்லின் மேல் நிறுத்தியிருக்கிறான். தாள்களை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அழுதேன். கோபத்தில்தான்.

அம்மா அந்த இரண்டு பக்கத்தையும் சமையலறையில் நின்றபடி படித்தாள். பால் பொங்கி வழிந்தது. யாரும் அணைக்கவில்லை.

மே 4, புதன்

இன்றைக்குக் காவல் நிலையத்துக்குப் போனோம், மூன்று பேரும். நாளைக்குப் பரீட்சை, நீ வராதே என்றாள் அம்மா. வருவேன் என்றேன். நிரஞ்சன் சொன்னபடி வந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் வாக்குமூலத்தைத் தனியாக வாங்கினார்கள். அவனுக்கு நான் நன்றி சொல்லவில்லை.

ரைட்டர் வயதானவர், பொறுமையானவர். சித்தியைக் காணவில்லை என்று அன்றைக்குக் கொடுத்த பழைய புகாரைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. எங்கே வைத்திருந்தார்கள், யார், எத்தனை வருடம் என்று கேட்டார். சித்தி நிதானமாகப் பதில் சொன்னாள். சுதாகர் மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எங்கே எந்த வருடத்தில் இருந்தேன் என்று அவரே வந்து விளக்கட்டும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவர் எழுத ஆரம்பித்தார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "மேற்படி ரேணுகா என்பவர் 2002ஆம் வருடம் வீட்டைவிட்டு ஓடிப்போய்..."

"அதை அடிங்க" என்றாள் அம்மா.

எதை என்று அவர் நிமிர்ந்தார்.

"ஓடிப்போயின்னு எழுதினீங்களே, அதை. என் தங்கச்சி ஓடிப்போகல. அடைச்சு வெச்சிருந்தாங்க. அப்படி எழுதுங்க."

எல்லாம் ஒன்றுதானம்மா, கோர்ட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்றார் அவர். அம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. ஒன்று இல்லை என்றாள். இருபது வருடம் அந்த ஒரு வார்த்தையை நானேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், இனி யாரும் சொல்லக் கூடாது என்றாள். ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். இந்தப் பக்கம் வந்து சேர்ந்த இந்த இருபத்து நான்கு நாளில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். அவர் முதல் வரியை எழுதி, படித்துக் காட்டி முடிக்கும்வரை அம்மா உட்காரவில்லை.